எடுத்துரைப்பியல் அடிப்படைக் கலைச்சொற்கள்: வத்தலக்குண்டுப் படைப்பாளர் இருவரின் நாவல்களை முன்வைத்து

முன்னுரை

திண்டுக்கல் மாவட்டத்து வத்தலக்குண்டு, தமிழ்ப் புனைகதை வரலாற்றில் தனியிடம் பெற்ற ஊராகும். பி. ஆர். ராஜமையர் (1872–1898), சி. சு. செல்லப்பா (1912–1998) ஆகிய இருவரும் இவ்வூரோடு தொடர்புடையவர்கள். முன்னவரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக வந்தது. பின்னவரின் 'வாடிவாசல்' 1959-இல் வெளிவந்தது. ஆய்வேடுகளில் கதை, கதைப்பின்னல், கதைசொல்லி, நோக்குநிலை என்னும் சொற்கள் பெரும்பாலும் ஒன்றற்கு மற்றொன்றாக ஆளப்படுகின்றன. இம்மயக்கம் பனுவலின் மதிப்பீட்டையே பிறழச் செய்யும் என்பதை இவ்விரு நாவல்கள்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

கதையும் கதைப்பின்னலும்

நிகழ்ச்சிகளைக் கால வரிசையில் கூறுவது கதை. அவற்றைக் காரணகாரியத்தால் பிணைப்பது கதைப்பின்னல். இப்பகுப்பை இ. எம். ஃபார்ஸ்டர் 1927-இல் முன்வைத்தார். 'வாடிவாசல்' கதையில் காலத்தால் முந்தியது, காரி என்னும் காளையால் அம்புலி மாண்ட நிகழ்ச்சி. நாவலோ, அவன் மகன் பிச்சி வாடிவாசல் முன் நிற்கும் நாளில் தொடங்குகிறது. தந்தையின் முடிவு பின்னோக்கு உத்தியாக உரையாடலில் வெளிப்படுகிறது. இவ்வமைப்பால் மாடு அணைதல் விளையாட்டு என்னும் நிலை கடந்து தந்தைக்குச் செய்யும் கடனாகிறது.

கதைசொல்லியும் நோக்குநிலையும்

'யார் சொல்கிறார்', 'யார் காண்கிறார்' என்னும் இரு வினாக்களையும் ஜெரார் ஜெனெத் 1972-இல் பிரித்துக் காட்டினார். முன்னதற்கு விடை கதைசொல்லி. பின்னதற்கு விடை நோக்குநிலை. 'கமலாம்பாள் சரித்திரம்' தொடங்கியபோது ராஜமையருக்கு அகவை 21. பனுவலில் ஒலிப்பதோ வாசகரை அழைத்துப் பேசி எள்ளி நகையாடும், உலகியலில் தோய்ந்த குரல். எனவே கதைசொல்லியை ஆசிரியராகவே கொள்வதும், அக்குரலின் குறுக்கீட்டைக் குறையென ஒதுக்குவதும் பொருந்தா. முத்துஸ்வாமி ஐயர் அபவாதத்தை நம்பி இல்லம் துறக்கிறார். கமலாம்பாள் குற்றமற்றவள் என்பதை வாசகர் அறிவர். இவ்விடைவெளியே நாவலின் அவலச்சுவைக்கு அடிப்படை.

'வாடிவாசல்' கதைசொல்லி பெரிதும் ஒதுங்கி நிற்க, வட்டார உரையாடல் மேலோங்குகிறது. காரி அடக்கப்பட்டது பிச்சிக்குக் கடன் தீர்த்தல், ஜமீன்தாருக்கு மானக்கேடு. அவர் அக்காளையைச் சுட்டு வீழ்த்துவதன் காரணம், நிகழ்ச்சியை அவர் நோக்கில் காணும்போதே விளங்கும்.

முடிவுரை

கூற்று, கேட்போர், களன், காலம் ஆகியவற்றைத் தொல்காப்பியச் செய்யுளியல் தனித்தனி உறுப்புகளாகவே எண்ணியது. சொல்பவரையும் கேட்பவரையும் வேறுபடுத்தும் அம்மரபை உளங்கொண்டு கலைச்சொற்களை ஆள்வது, புனைகதை ஆய்வைக் கதைச்சுருக்கம் என்னும் நிலையிலிருந்து மீட்கும்.