ஸ்பினல் கல்லிலிருந்து அணு அடுக்குக்கு

மொனராகலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒட்சைட்டு என்றால் என்னவென்று விளங்கப்படுத்த நான் தூரம் போக வேண்டியதில்லை. பக்கத்திலேயே ஒக்கம்பிட்டிய மாணிக்கக் குழிகள். அங்கே சரளையை அலசும்போது கிடைக்கும் நீலக்கல், அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்தது. துளியளவு இரும்பும் தைத்தேனியமும் உள்ளே புகுந்ததால்தான் அந்த நீலம். கூடவே வரும் ஸ்பினலில் மகனீசியமும் உண்டு. அதே அணு அடுக்கில் மகனீசியமும் அலுமினியமும் இருந்த இடங்களிலெல்லாம் இரும்பு இருந்தால் அது மக்னடைட். ஸ்பினல் ஒளி புகும் கல், மின்சாரத்தைக் கடத்தாது. மக்னடைட் கன்னங்கரேல் என்றிருக்கும், காந்தத்தில் ஒட்டும், மின்சாரத்தையும் விடும்.

“அப்ப அந்த அடுக்கை நாங்களே கட்டலாமா சேர்?” என்று உயர்தர வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். எவ்வளவு நல்ல கேள்வி! கட்டலாம்.

1987இல் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வுகூடத்தில் திருமலை வெங்கடேசனும் அவருடைய குழுவினரும் இட்ரியம், பேரியம், செம்பு கலந்த ஒட்சைட்டை லேசரால் அடித்து, கிளம்பிய ஆவியைப் பளிங்குத் தட்டொன்றில் படியவிட்டு, கடுங்குளிரில் தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் மீகடத்திப் படலம் செய்தார்கள். இன்று உலகெங்கும் உள்ள ஆய்வுகூடங்களில் இந்த முறை நடக்கிறது. படலத்தின் தடிப்பு பெரும்பாலும் மில்லிமீற்றரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான்.

இவ்வளவு மெல்லியதாக ஏன்? லயத்துக் காம்பராவுக்குக் குடிவரும் குடும்பம் அதன் அகலத்துக்குள் தன்னை ஒடுக்கிக்கொள்வதுபோல, படலத்தின் அணுக்கள் அடியிலுள்ள பளிங்கின் இடைவெளிக்கு ஏற்ப நெருங்கவோ விலகவோ செய்கின்றன. அந்தச் சிறு இழுபறியில் இலத்திரன்களின் போக்கும் காந்தத் தன்மையும் மாறுகின்றன. படலம் தடித்தால் இந்தப் பிடி தளர்ந்துவிடும்.

சென்னைப் பல்கலைக்கழகத்திலும் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்திலும் படித்த ராமமூர்த்தி ரமேஷ் இந்த ஒட்சைட்டுப் படலத் துறையில் பெரிய ஆள். 1994இல் அவரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், லந்தனம், கல்சியம், மங்கனீசு கலந்த ஒட்சைட்டுப் படலத்தைக் கடுங்குளிரில் வலிய காந்தப் புலத்தில் வைத்தபோது மின்தடை ஆயிரம் மடங்குக்கு மேல் மாறியது. 2003இல் அவருடைய குழு பிஸ்மத் பெரைட்டைப் படலமாக்கியது. அறை வெப்பநிலையிலேயே மின்முனைவும் காந்த ஒழுங்கும் ஒருங்கே இருக்கும் அபூர்வமான பொருள் அது. மின்னழுத்தத்தாலேயே காந்தத்தைத் திருப்ப முடிந்தால், கணினி நினைவகத்துக்கு மின்சாரம் மிகக் குறைவாகவே செலவாகும். என்னைக் கேட்டால், இந்தத் துறையின் பெரிய நம்பிக்கையே இதுதான்.

2004இல் ஓட்டோமோ, ஹாரல்ட் ஹ்வாங் என்ற இரு ஆய்வாளர்கள் மின்சாரம் கடத்தாத இரண்டு ஒட்சைட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வளர்த்தார்கள். இரண்டும் தொடும் இடத்தில் மட்டும் மின்சாரம் ஓடியது!

இந்த வழியில் போக விரும்பும் பிள்ளைகளுக்குப் பதுளையில், நம் மாகாணத்திலேயே, ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. கனிய வளத் தொழில்நுட்பம் அங்கே பட்டப் படிப்பாகவே உண்டு. தோட்டத்துப் பெற்றோரே, உங்கள் பிள்ளை பௌதிகவியல் படிக்கக் கேட்டால், கஷ்டமான பாடம் என்று தயவுசெய்து தடுக்காதீர்கள்.