குழுவிலிருந்து நீக்கியவருக்கும் சம்பளக் கோப்பு ஏன் திறக்கிறது?

ஊழியர் ஒருவர் கணக்குப் பிரிவிலிருந்து விற்பனைக்கு மாறிவிட்டார். பழைய குழுவிலிருந்து பெயரையும் எடுத்தாயிற்று. ஆனாலும் சம்பளக் கோப்பு அவருக்குத் திறக்கிறது. எப்படி?

காலையில் வாசலில் காவலாளி சாவிக்கொத்து தருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அலுவலகக் கணினிகளின் பயனர்களையும் குழுக்களையும் நிர்வகிக்க விண்டோஸ் 2000 உடன் வந்த ஆக்டிவ் டைரக்டரியும் அப்படித்தான். நீங்கள் லாகின் செய்யும்போது எந்தெந்தக் குழுவில் இருக்கிறீர்கள் என்று பார்த்து, அத்தனைக்கும் சாவி கோத்துக் கொடுத்துவிடும். நடுப்பகலில் பட்டியலில் பெயரை அடித்தாலும் கையிலுள்ள கொத்து மாறாது. வெளியேறி மறுபடி லாகின் செய்தால்தான் புதுக் கொத்து.

சரி, மறுநாளும் திறக்கிறதே?

அங்கேதான் வில்லங்கம். ஒரு குழுவுக்குள் இன்னொரு குழுவையே உறுப்பினராகச் சேர்க்கலாம். ‘விற்பனை’யை என்றோ யாரோ ‘கணக்கு’க்குள் போட்டிருந்தால், அந்தச் சாவியும் சேர்ந்தே வரும். விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில் ‘கணக்கு’ குழுவின் உறுப்பினர் பட்டியல் கேட்டால் ‘விற்பனை’ என்ற ஒற்றைப் பெயரோடு நின்றுவிடும். ‘ரிகர்சிவ்’ என்று சேர்த்துக் கேட்டால்தான் உள்ளே இருக்கும் ஆட்கள் தெரிவார்கள்.

பல நிறுவனங்களின் கணினிகளைப் பராமரிக்கும் ஐடி சேவையாளர்கள், எந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதை வாடிக்கையாளர்வாரியாக எழுதிவைப்பது இதனால்தான். வெறும் பெயர்ப்பட்டியல் உதவாது. குழு எந்தக் கோப்புறையைத் திறக்கிறது, சேர்க்கச் சொன்னவர் யார் என்பதும் வேண்டும். உங்கள் அலுவலகத்தில் முதலில், முழு நிர்வாக உரிமை கொண்ட ‘டொமைன் அட்மின்ஸ்’ குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.