கரப்பான்பூச்சி ஏன் மல்லாந்து விழுகிறது?

கரப்பான்பூச்சி மேல் மருந்து அடித்தால் அது உடனே செத்துப்போவதில்லை. முதலில் கண்மண் தெரியாமல் ஓடும். சுவரில் முட்டும், போன வழியே திரும்பி வரும். கொஞ்ச நேரத்தில் கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். தடுமாறி மல்லாந்து விழும். விழுந்த பிறகும் ஆறு கால்களும் வெட்டிவெட்டி இழுக்கும், உணர்கொம்புகள் நடுங்கும். வெகுநேரம் கழித்துப் போய்ப் பார்த்தாலும் ஏதாவது ஒரு கால் அசைந்துகொண்டிருக்கும்.

அதன் உடம்பில் காயம் எதுவும் இல்லை. கால்களும் தசைகளும் நன்றாகத்தான் இருக்கின்றன. கால்களுக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்புகள்தான் கெட்டுவிட்டன.

நரம்பில் செய்தி எப்படி ஓடுகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். ஒரு நரம்புச் செல்லின் மேலுறையில் புரதத்தால் ஆன நுண்ணிய கதவுகள் ஏராளமாக இருக்கின்றன. செல்லுக்கு வெளியே சோடியம் அயனிகள் அதிகம், உள்ளே குறைவு. செய்தி வந்து சேரும் இடத்தில் கதவு திறக்கும். சோடியம் உள்ளே பாயும். அங்கே மின்னழுத்தம் மாறும். அந்த மாற்றம் பக்கத்துக் கதவைத் திறக்க வைக்கும், அது அதற்கடுத்த கதவைத் திறக்க வைக்கும். இப்படியே துடிப்பு நரம்பு நெடுக ஓடிவிடும். இதில் திறப்பதைப் போலவே மூடுவதும் முக்கியம். ஒவ்வொரு கதவும் ஏறக்குறைய ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்திருந்துவிட்டுச் சட்டென்று மூடிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் ஒரு செய்தி ஒரே ஒரு துடிப்போடு முடியும்.

கரப்பான் ஸ்பிரேக்களில் பெரும்பாலும் இருப்பது சைபர்மெத்ரின் போன்ற 'பைரெத்ராய்டு' வகை மருந்து. கொசுவத்தியிலும், சுவரில் செருகும் கொசு மருந்திலும் இருப்பவை பலவும் இதே குடும்பம்தான். இந்த மருந்தின் மூலக்கூறு சோடியம் கதவில் போய் ஒட்டிக்கொள்கிறது. பிறகு கதவு நேரத்துக்கு மூடாது. சோடியம் உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். 'ஒரு முறை மடங்கு' என்று காலுக்குப் போன உத்தரவு, 'மடங்கு, மடங்கு, மடங்கு' என்று அடங்காமல் போய்க்கொண்டிருக்கும். நாம் பார்க்கும் அந்தத் துடிப்பு இதுதான். கடைசியில் நரம்பு ஓய்ந்துபோய் எந்தச் செய்தியையும் கடத்த முடியாமல் ஆகிவிடுகிறது.

இது ஊகம் இல்லை. தோஷியோ நராஹஷி என்ற ஜப்பானிய விஞ்ஞானி கரப்பான்பூச்சியின் தடித்த நரம்பிழைகளில் மெல்லிய மின்முனைகளை வைத்து அளந்து பார்த்தார். நல்ல நரம்பை ஒரு முறை தூண்டினால் ஒரு துடிப்பு வந்தது. மருந்து பட்ட நரம்பை ஒரு முறை தூண்டினால் துடிப்புகள் அடுக்கடுக்காக வந்தன. டி.டி.டி. என்ற பழைய மருந்தும் இதே கதவைத்தான் பிடிக்கிறது. அது பூச்சிகளைக் கொல்லும் என்று 1939இல் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு கிடைத்தது. மண்ணிலும் உயிரினங்களின் கொழுப்பிலும் அது ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவது பிற்பாடு தெரியவர, பல நாடுகள் அதைத் தடை செய்தன.

பைரெத்ராய்டுகளுக்கு மூலம் ஒரு பூ. சாமந்திக்கு உறவான பைரெத்ரம் என்ற வெள்ளைப் பூச்செடி, பூச்சிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள ஒரு நஞ்சைத் தயாரிக்கிறது. வெயில் பட்டால் அது சீக்கிரம் சிதைந்துவிடும். வெயிலைத் தாங்கும்படி அதை வேதியியலாளர்கள் மாற்றியமைத்ததுதான் இன்றைய மருந்து.

சரி, சோடியம் கதவு கரப்பான்பூச்சிக்கு மட்டுமா இருக்கிறது? உங்களுக்கும் எனக்கும் இருக்கிறது. மாட்டுக்கு, தவளைக்கு, காக்கைக்கு, மீனுக்கு, எல்லாவற்றுக்கும் இருக்கிறது. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள், தேனீயின் மூளையில் ஏறக்குறைய பத்து லட்சம். எண்ணிக்கையில்தான் இவ்வளவு வித்தியாசம்; வேலை செய்யும் முறை ஒன்றுதான். நரம்பைத் தாக்கும் எந்த மருந்தும் பூச்சிக்கு மட்டுமான மருந்தாக இருக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் ஸ்பிரே அடித்த அறையில் நாம் ஏன் விழுவதில்லை? பூச்சியின் கதவில் இந்த மருந்து நம் கதவில் ஒட்டுவதைவிட மிக வலுவாக ஒட்டுகிறது. நம் கல்லீரல் அதை வேகமாக உடைத்து வெளியேற்றிவிடுகிறது. நம் உடல் பெரியது, சூடானதும்கூட. குளிர்ந்த உடலில்தான் பைரெத்ராய்டுக்கு வேகம் அதிகம்.

இந்தப் பாதுகாப்பு எல்லா விலங்குகளுக்கும் கிடைத்துவிடவில்லை. பூனையின் கல்லீரலால் பெர்மெத்ரின் என்ற பைரெத்ராய்டை நம்மைப் போல வேகமாக உடைக்க முடியாது. நாய்க்கு உண்ணி போகத் தடவும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குத் தடவினால், அதற்கும் கரப்பான்பூச்சிக்கு வந்த அதே நடுக்கமும் வலிப்பும் வரும், உயிரே போகலாம். மீன்கள் இன்னும் பாவம். தண்ணீரில் மிகமிகக் கொஞ்சம் கலந்தாலே செத்து மிதக்கும். மீன் தொட்டி இருக்கும் அறையில் ஸ்பிரே அடிக்கவே கூடாது.

இனி வேறொரு வகை மருந்து. அதைப் புரிந்துகொள்ள இரண்டு தவளை இதயங்களைப் பார்க்க வேண்டும்.

ஒரு நரம்புச் செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கிறது. செய்தி அதை எப்படித் தாண்டுகிறது? ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி 1921இல் வெளியிட்ட சோதனை இதற்கு விடை சொன்னது. இந்தச் சோதனை தனக்குக் கனவில் தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். உப்புக் கரைசலில் துடித்துக்கொண்டிருந்த ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டினார், துடிப்பு மெதுவானது. அந்தக் கரைசலை எடுத்து, நரம்பே தூண்டப்படாத இன்னொரு இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது! நரம்பின் நுனியிலிருந்து ஏதோ ஒரு வேதிப்பொருள் கசிந்திருக்கிறது என்பது உறுதியாயிற்று. அசிட்டைல்கோலின் என்பது அதன் பெயர். நம் கை கால் தசைகளுக்கு உத்தரவு கொடுப்பதும் இதுதான்.

உத்தரவு கொடுத்து முடிந்ததும் அசிட்டைல்கோலின் அழிந்தாக வேண்டும். அதை அழிக்க ஒரு நொதி இருக்கிறது. அதன் ஒரே மூலக்கூறு ஒரு நொடியில் பல ஆயிரம் அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளை வெட்டித்தள்ளும். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் இந்த நொதியை முடக்கிவிடுகின்றன. வயலில் அடிக்கும் புரோஃபெனோபாஸ், முன்பு அடித்துவந்த மோனோகுரோட்டோபாஸ் எல்லாம் இந்த வகை. பூச்சியிலும் மனிதரிலும் இந்த நொதி ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால், இவை நமக்கும் கொடிய நஞ்சு. அசிட்டைல்கோலின் சேர்ந்துகொண்டே போகும். வியர்த்துக் கொட்டும், வாயில் எச்சில் வழியும், கண்மணி சுருங்கும், தசைகள் தன்னால் துடிக்கும், கடைசியில் மூச்சு முட்டும். நேரத்துக்கு மருத்துவமனைக்குப் போனால் அட்ரோபின் ஊசி போட்டுக் காப்பாற்ற முடியும்.

2017இல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் நூற்றுக்கணக்கில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். பலரிடம் முகமூடியோ கையுறையோ இல்லை. ஆள் உயரத்துக்கு வளர்ந்த செடிகளுக்கு நடுவே நின்று அடித்த மருந்து அவர்கள் மேலேயே படிந்தது. நமக்குத் துணி தருகிற பருத்தியை விளைவித்தவர்கள் இப்படிச் செத்தது பெரிய அநியாயம்.

சில மருந்துகள் கொல்லாமலே கெடுதல் செய்யும். நியோனிகோடினாய்டு வகை மருந்துகள் அசிட்டைல்கோலின் வந்து அமரும் இடத்தில் தாங்கள் அமர்ந்துகொள்கின்றன. பிரான்சில் ஆய்வாளர்கள் தேனீக்களின் முதுகில் குட்டி மின்னணுச் சில்லுகளை ஒட்டி, இந்த வகை மருந்து ஒன்றை, சாகாத அளவுக்கு மிகக் கொஞ்சமாக, கொடுத்துத் தொலைவில் பறக்கவிட்டார்கள். பல தேனீக்கள் கூட்டுக்குத் திரும்பவே இல்லை. வழி மறந்துபோய்விட்டது. 2012இல் வெளியான ஆய்வு இது. இந்த வகையைச் சேர்ந்த மூன்று மருந்துகளைத் திறந்தவெளியில் பயன்படுத்த 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது.

நரம்பைத் தொடாத வழிகளும் இருக்கின்றன. பி.டி.ஐ. என்ற பாக்டீரியா கொசுப் புழுவின் குடலை அழிக்கும். கொசுவலை எந்த நஞ்சும் இல்லாமலே வேலை செய்யும். ராத்திரி எச்சில் பாத்திரத்தைக் கழுவிவைத்து, பாத்திரம் கழுவும் தொட்டியடியில் ஈரம் துடைத்துவிட்டால் கரப்பான் வருவது குறையும். முதலில் இவற்றைச் செய்துபாருங்கள்.

இதைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். அம்மாவையோ அப்பாவையோ கூட வைத்துக்கொண்டு, வீட்டிலோ வயல் கொட்டகையிலோ இருக்கும் பூச்சிமருந்துப் புட்டியின் லேபிளைப் பாருங்கள். நீங்கள் தொட வேண்டாம், அவர்கள் காட்டட்டும். சாய்சதுரத்தின் கீழ்ப்பாதியில் ஒரு நிறம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. பச்சையும் நஞ்சுதான். நஞ்சு ஏறினால் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதே லேபிளில் அச்சிட்டிருக்கும். யாருக்காவது மருந்து பட்டு மயக்கம் வந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். அந்தப் புட்டியையும் மறக்காமல் மருத்துவரிடம் கொடுத்தனுப்புங்கள். உள்ளே போனது எந்த வகை என்று தெரிந்தால்தான் அவரால் சரியான சிகிச்சை கொடுக்க முடியும்.