நீச்சல் குளம் ரெடி. உடை மாற்றும் அறைக்கு என்ன வழி?

உங்க ஊர் நகராட்சி நீச்சல் குளத்தைப் புதுசா கட்டியாச்சு. ஆனா பெண்களுக்கு உடை மாற்றும் அறை இல்லை, மாற்றுத்திறனாளிகளுக்குச் சாய்தளம் இல்லை என்றால், நீச்சல் கற்க வேண்டிய பலர் வெளியேதான் நிற்பார்கள். இதற்குக் கைகொடுப்பதுதான் 'நமக்கு நாமே' திட்டம்.

1997-ல் தொடங்கி, 2021-ல் மீண்டும் கொண்டுவரப்பட்ட திட்டம் இது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால், மீதியை அரசு தரும். கணக்கு போட்டுப் பாருங்க: பணிக்கு 6 லட்சம் ரூபாய் என்றால், மக்கள் பங்கு 2 லட்சம். 200 குடும்பங்கள் தலா 1,000 ரூபாய் போட்டால் போதும். குடியிருப்போர் சங்கம், வணிகர்கள், நிறுவனங்களும் பங்களிக்கலாம்.

எப்படித் தொடங்குவது?

* தேவையை எழுதி, நகராட்சி ஆணையரிடம் மனு கொடுங்க.
* பொறியாளரின் மதிப்பீடு வந்த பிறகே வசூலைத் தொடங்குங்க.
* பங்களிப்பை நகராட்சிக் கணக்கில் செலுத்தி, ரசீது வாங்குங்க. தனிநபர் கையில் ரொக்கம் வேண்டாம்.

ஒரு விஷயம்: குளோரின், உயிர்காப்பாளர் சம்பளம் எல்லாம் மாதாமாதம் வரும் செலவு. அதை யார் ஏற்பது என்று முதலிலேயே பேசி முடிவு செய்யுங்க. கட்டிய அறை பூட்டிக் கிடந்தால், கொடுத்த 1,000 ரூபாய்க்குப் பயனில்லை.