துருவ இருட்டில் பனியை அளப்பது

"வட துருவத்தில் பாதி வருஷம் இருட்டு, மிச்ச நாளில் மேகம். அப்புறம் கடல் பனி சுருங்குகிறது என்று யார் பார்த்துச் சொல்கிறார்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நியாயமான சந்தேகம்.

எல்லாப் பொருளும் தன் சூட்டுக்கேற்பக் கதிர்களை உமிழ்ந்தபடியே இருக்கிறது. அவற்றில் மில்லிமீட்டர், சென்டிமீட்டர் நீள அலைகளுக்கு மேகம் பெரிய தடையல்ல. இருட்டு தடையே அல்ல. செயற்கைக்கோளில் உள்ள கருவி தன் பங்குக்கு எதையும் அனுப்பாமல், வருவதை மட்டும் வாங்கிக்கொள்கிறது.

வேடிக்கை என்னவென்றால், குளிர்காலத்தில் கடல்நீர் −1.8 டிகிரியில் இருக்க, பனியின் மேற்பரப்பு −20க்கும் கீழே போகும். கருவிக்கோ பனிதான் சூடு, கடல்தான் குளிர்! நீர் இந்த அலைகளை உமிழ்வதில் மகா கஞ்சன். மீதிக்கு அது காட்டுவது குளிர்ந்த வானத்தின் பிரதிபலிப்பைத்தான்.

இங்கேதான் தளவிளைவு, அதாவது அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பது, வேலை செய்கிறது. கருவி சுமார் 53 டிகிரி சாய்வில் பார்க்கும்போது, கடலிலிருந்து வரும் அலைகளில் செங்குத்தாக அதிர்பவை வலுவாகவும் கிடையாக அதிர்பவை மெலிந்தும் இருக்கும். 19 கிகாஹெர்ட்ஸில் ஒன்று 177 கெல்வின் என்றால் மற்றது 100தான். புதுப் பனியில் இந்த இடைவெளி 20 கெல்வின்கூட வராது. போலராய்டு கூலிங் கிளாஸோடு பாம்பன் பாலத்தில் நின்று தலையைச் சாய்த்துப் பாருங்கள். நீரின் பளபளப்பு கூடிக் குறைவதும் இதே சங்கதிதான். வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்துவிட்டால், அன்றைய குளிர் எவ்வளவு என்ற கவலையும் பெரிதும் தீர்ந்தது. 1978-இல் பறந்த நிம்பஸ்-7 முதல் தொடரும் பனிக் கணக்குக்கு இதுவே அடிப்படை. கோடையில் மட்டும் கொஞ்சம் ஏமாறும்: பனிமேல் தேங்கும் உருகுநீரைத் திறந்த கடல் என்று எண்ணிவிடும்.

2016 ஏப்ரலில் அமெரிக்காவின் எஃப்-17 செயற்கைக்கோளில் இந்தக் கணக்குக்கு வேண்டிய 37 கிகாஹெர்ட்ஸ் செங்குத்து அலைவரிசை ஒன்றுதான் கெட்டது. கிடை அதிர்வு ஒழுங்காக வந்தும் பயனில்லை. அன்றாடப் பனிக்கணக்கை நிறுத்திவிட்டு எஃப்-18க்கு மாறினார்கள். அடுத்த துணையாக எஃப்-20 என்று ஒன்றைக் கட்டி முடித்துக் கிடங்கில் வைத்திருந்தார்களே, அதற்கு நாடாளுமன்றம் பணம் தர மறுத்தது, பிரித்துப் போட்டார்கள். கட்டியதை ஏவக் காசில்லை என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை. இப்போது உலகம் பெரிதும் நம்பியிருப்பது ஜப்பானின் ஷிசுகு செயற்கைக்கோளை. 2012-இல் ஏவியபோது அதற்குக் குறித்த ஆயுள் 5 ஆண்டு.