சுடுமண் மாந்தர்

தாராவியின் கும்பார்வாடாவில், சௌராட்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர் மரபினர் இன்றும் அகலும் பானையும் சுட்டு வருகின்றனர். பஞ்சுக் கழிவு எரியும் அச்சூளைகளில் மண்ணுக்கு நேரும் மாற்றம் மீளாதது. வெப்பம் ஏறத்தாழ 500 முதல் 600 பாகை செல்சியசைத் தொடும்போது, களிமண்ணின் படிகக் கட்டமைப்போடு பிணைந்திருந்த நீர் நீங்கிவிடுகிறது. அதன்பின் எத்தனை மழை பெய்தாலும் அது சேறாவதில்லை. மரமும் துணியும் மக்கிப்போன இடங்களில் சுடுமண் மட்டும் எஞ்சி நிற்பது இதனால்தான்.

மனித உருவத்தைச் சுடுவது பானையைச் சுடுவதினும் அரிது. திண்ணிய உடலுக்குள் ஈரம் தங்கிவிட்டால், அது ஆவியாகி விரிந்து உருவத்தை உடைத்துவிடும். ஆகவே பெரிய உருவங்களை உட்குடைவாகவே வனைவர். ஆவி வெளியேறத் துளையும் விடுவர். மேற்கு மெக்சிகோவின் கலிசுகோ, நயாரித், கொலிமா பகுதிகளில் கி.மு. 300 முதல் கி.பி. 300 வரையிலான காலத்தில் செய்யப்பட்ட புகழ்பெற்ற மாந்தர் உருவங்களும் இவ்வாறு குடைவானவையே. தாய், பந்தாட்டக்காரர், படைக்கலம் ஏந்தியவர் எனப் பலராய் அவை ஆழ்குழிக் கல்லறைகளில் இறந்தோருக்குத் துணையாய் வைக்கப்பட்டன.

அவை எதைக் குறித்தன? நெற்றியில் கொம்புடைய உருவம் ஆவியுலகோடு பேசும் பூசாரி என்று 1960களில் அறிஞர் பீட்டர் ஃபர்ஸ்ட் வாதிட்டார். குடித்தலைவர் என்றும் முன்னோர் என்றும் பிறர் கூறினர். வழக்கு தீராததற்கு அறிஞரின் குறை காரணமன்று. அவ்வுருவங்களுள் மிகப் பலவற்றைக் கொள்ளையர் தோண்டி விற்றுவிட்டனர். எந்த எலும்பருகே எது இருந்தது என்ற செய்தி அதோடு அழிந்தது. 1993இல் அப்பகுதியின் விட்சிலாபாவில் கொள்ளைபோகாத கல்லறை ஒன்று கிடைத்தபோதுதான், அறுவர் உடல்களையும் உருவங்களையும் அவை இருந்த நிலையிலேயே ஆராய முடிந்தது.

நம் நீலகிரிக் கதையும் ஏறக்குறைய இதுவே. கல்வட்டங்களில் கிடைத்த தாழிகளின் மூடிகளில் எருமைகளும் மனிதரும் அமர்ந்திருக்கின்றனர். அவற்றைத் திரட்டிய ஜே. டபிள்யூ. பிரீக்சின் நூல் 1873இல், அவர் மறைந்தபின் வெளிவந்தது. திரட்டில் ஒரு பகுதி இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. தோண்டும் முறை செம்மையுறாத காலம் அது. அதனால் அம்மூடி மாந்தரைப் பற்றி இன்றும் ஊகமே மிகுதி.

மும்பையிலேயே இதற்கு மாற்றான சான்று ஒன்று உண்டு. சிந்து பம்பாய் மாகாணத்தோடு இணைந்திருந்த காலத்தில், 1909-10இல் என்றி கசன்சு மீர்ப்பூர்காசுப் பௌத்தத் தூபியை அகழ்ந்தார். அதன் சுவர் மாடங்களில் சுடுமண் புத்தர்கள் வீற்றிருந்தனர். தாமரை ஏந்தி நிற்கும் ஓர் ஆடவர் உருவமும் அங்குக் கிடைத்தது. சுருள்முடியும் வண்ணச் சுவடும் இன்னும் தெரிகின்றன. அவர் அடியவர் எனக் கொள்ளப்படுகிறார். தூபிக்குப் பொருள் ஈந்தவராகலாம் என்பாரும் உளர். பெயர் தெரியாவிடினும், எந்தத் தூபியில் நின்றவர் என்று தெரிவதால் அவரைப் பற்றிய ஊகத்துக்கு ஓர் எல்லை உண்டு. இன்று சத்திரபதி சிவாஜி மகாராசர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். மாட்டுங்காவிலிருந்து இரயிலேறினால் அரைநாளில் கண்டு திரும்பலாம்.

இருந்த இடம் தெரியாவிடினும், வெப்ப ஒளிர்வு முறை ஓர் உருவம் கடைசியாக எப்போது சுடப்பட்டதென்று ஓரளவு சொல்லும். மண்ணிலுள்ள குவார்ட்சுத் துகள்களில் கதிர்வீச்சால் சிறைப்பட்ட ஆற்றலைச் சூளை துடைத்துவிடுகிறது. அதன்பின் சேர்ந்ததை அளந்தால் வயது கிடைக்கும். ஆனால் யாருக்காகச் செய்தனர், எந்தக் கைக்கருகில் வைத்தனர் என்பவற்றை எக்கருவியும் சொல்லாது.

ஆகவே செம்பூரில் அடுக்ககத்துக்குக் கடைக்கால் எடுக்கையிலோ, திருநெல்வேலிச் சொந்த ஊரில் கிணறு வெட்டுகையிலோ சுடுமண் முகம் ஒன்று தலைகாட்டினால், எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். அங்கேயே விட்டுவிட்டு மாவட்ட ஆட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள்.