ஏட்டில் ஏறாத கூலி

விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்துக் கிராமத்தில் ஒரு பண்ணைக் கூலியாள் வீடு. அந்த வீட்டை இன்று நமக்குக் காட்டுவது மக்கள்தொகைக் கணக்கேடுதான், அதுவும் அரைகுறையாக. 1841-இல் 15 வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 34 வயதுக்காரர் ஏட்டில் 30 ஆகிவிட்டார்! யாருக்கு யார் என்ன உறவு என்பதே 1851-இல்தான் ஏறியது. வீட்டில் யாருக்கும் எழுதத் தெரியாவிட்டால் கணக்கெடுக்க வந்தவரே படிவத்தை நிரப்புவார். அப்பா பெயருக்கு நேரே 'பண்ணைக் கூலி'. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு நேரே 'மாணவர்'. அறுவடையில் கதிர்க்கட்டு கட்டிக் கூலி வாங்கிய அம்மாவுக்கு நேரே? பெரும்பாலும் வெற்றிடம். போதாக்குறைக்கு, 1851 முதல் அந்த மகாராணி காலத்தில் கணக்கெடுத்ததெல்லாம் மார்ச் கடைசியில் அல்லது ஏப்ரல் தொடக்கத்தில். அங்கே கோதுமை அறுவடையோ ஆகஸ்டு வாக்கில்!